கால் எரிச்சலுக்கு மனச்சோர்வு மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 58. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஆறு மாதமாக ராத்திரியானால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது. போர்வை பட்டாலே தாங்கவில்லை. டாக்டர் டுலாக்ஸெடின் 30 மி.கி. எழுதினார். மருந்துக்கடையில், "இது மனச்சோர்வுக்குக் கொடுப்பதாச்சே" என்றார்கள். வலிக்கிறது என்று நான் சொன்னதை டாக்டர் நம்பவில்லையா? மூட்டு வலிக்கு ஏற்கெனவே டிரமடால் சாப்பிடுகிறேன். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: நம்பியதால்தான் அம்மா இதை எழுதியிருக்கிறார். நரம்பு கெட்டு வருகிற எரிச்சல் சாதாரண வலி மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது. அமெரிக்காவில் டுலாக்ஸெடினுக்கு மனச்சோர்வுக்காக அனுமதி கிடைத்த அதே 2004ஆம் ஆண்டிலேயே சர்க்கரை நோயாளிகளின் நரம்பு வலிக்கும் அனுமதி கிடைத்துவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்கள் மனம் ஆறும். பாதத்து நரம்பு வலியை நேரே மூளைக்குக் கொண்டுபோவதில்லை. இடுப்புக்குச் சற்று மேலே, தண்டுவடத்தின் பின்பகுதியில் இன்னொரு நரம்பணுவிடம் ஒப்படைக்கிறது. அந்த இடத்தில் ஒரு கதவு இருப்பதுபோல வலி கூடவும் குறையவும் முடியும் என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் சொன்னார்கள். 1969இல் ரெனால்ட்ஸ் என்பவர் எலியின் நடுமூளையில் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டி, மயக்க மருந்தே இல்லாமல் வயிற்றில் அறுவை செய்தார். கீழிருந்து வரும் வலியை மேலிருந்து மூளையே அடக்க முடியும் என்பதற்கு அது பெரிய சான்று.

வலியை அடக்கும் அந்த உத்தரவு நடுமூளையிலிருந்து மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கு வந்து, அங்கிருந்து தண்டுவடத்தில் இறங்குகிறது. இறங்கும் நரம்புகளில் பல அங்கே சுரக்கும் ரசாயனம்தான் செரோட்டோனின். (வாழைப்பழம் சாப்பிட்டால் அது கூடுமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. உணவிலும் குடலிலும் உள்ள செரோட்டோனின் ரத்தத்தைத் தாண்டி மூளைக்குள்ளோ தண்டுவடத்துக்குள்ளோ நுழைவதில்லை.)

செரோட்டோனின் எப்போதும் வலியை அடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நரம்பணுவில் அது ஒட்டும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். 1ஏ, 1பி வகை ஏற்பிகளில் ஒட்டினால் பெரும்பாலும் வலியை அமர்த்தும். 3ஆம் வகையில் ஒட்டினால் தூண்டிவிடும். நரம்பு கெட்டுப்போன விலங்குகளில் இந்தத் தூண்டும் பக்கம் ஓங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே செரோட்டோனினை மட்டும் கூட்டினால் போதாது. கூடவே நார்அட்ரினலின் என்ற இன்னொரு ரசாயனமும் வேண்டும். தண்டுவடத்தில் அது முக்கியமாகப் பிரேக் போடும் வேலையைத்தான் செய்கிறது. டுலாக்ஸெடின் இரண்டையும் கூட்டும்.

1992இல் வெளிவந்த ஓர் ஆய்வை உங்களுக்காகவே சொல்கிறேன். சர்க்கரையால் நரம்பு வலி வந்தவர்களுக்கு, இரண்டையுமோ நார்அட்ரினலினையோ கூட்டும் பழைய மருந்துகளான அமிட்ரிப்டிலினும் டெசிப்ரமினும் பலன் தந்தன, மனச்சோர்வு துளியும் இல்லாதவர்களுக்கும்கூட. செரோட்டோனினை மட்டும் கூட்டும் ஃப்ளூவாக்ஸெடின், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை.

இனி டிரமடால். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது இதுதான். டிரமடாலும் செரோட்டோனினைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் சிலருக்கு அது எல்லை மீறும்: கை கால் நடுக்கம், தசை துடிப்பு, வியர்வை, பேதி, படபடப்பு, காய்ச்சல், மனக்குழப்பம். இவை தென்பட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கால் எரிச்சலுக்கு எழுதிய டாக்டருக்கு டிரமடால் விஷயம் தெரியுமா? தெரியாதென்றால் முதல் டுலாக்ஸெடினைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தினமும் டிரமடால் சாப்பிடுபவர் என்றால் அதை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். கல்லீரல் கோளாறு, கண் அழுத்த நோய், ரத்த அழுத்தம் இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தொடங்கிய முதல் வாரம் குமட்டலாம், வாய் உலரலாம். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். பொதுவாக 30இல் தொடங்கி 60 மி.கி.க்கு உயர்த்துவார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகலாம். நிறுத்துவதானால் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

எரிச்சல் குறைந்தாலும் கெட்ட நரம்பு இதனால் சரியாகிவிடாது. அது மேலும் கெடாமல் இருக்கச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். பாதத்தில் மதமதப்பும் இருந்தால் முள் குத்தினாலும் தெரியாது. படுக்கப் போகும் முன் இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். எரிகிறதே என்று வெந்நீரில் மட்டும் காலை வைக்காதீர்கள்.