கேளுங்கள், சொல்கிறேன்: கொட்டகைச் சுவரில் எதற்கு அத்தனை துளைகள்?

கேள்வி: இங்கிலாந்தில், நார்ஃபோக் பக்கம் என் மகள் குடியிருப்பது இருநூறு வருடத்துச் செங்கல் பண்ணைவீடு. முற்றத்தைத் தாண்டி ஒரு பெரிய கொட்டகை. அதன் சுவர் நெடுகத் துளைகள். வண்டி நுழையும் அளவில் எதிரெதிரே இரண்டு கதவுகள். இப்படி ஏன் கட்டினார்கள்? சில இடங்களில் செங்கல் உதிர்கிறது, சிமெண்ட் பூசலாமா?

பதில்: வீட்டை விட்டுவிட்டுக் கொட்டகையைக் கேட்டீர்களே அம்மா, அதில் எனக்கு மகிழ்ச்சி. பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையாக அந்தப் பக்கம் சில வருடம் அலைந்தவன் நான். வீட்டைவிடக் கொட்டகைகளில்தான் அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

அது கதிரடிக்கும் கொட்டகை. இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள தரைதான் களம். இயந்திரம் வரும்வரை குளிர்காலம் முழுக்க அங்கே கோலால் அடித்து மணி பிரித்தார்கள். இரு கதவையும் திறந்துவிட்டால் காற்று குறுக்கே ஓடும். தூற்றும்போது பதர் பறந்துவிடும், மணி காலடியில் விழும். களத்துக்கு இருபுறமும் கதிர்க்கட்டுகளைக் கூரை முட்ட அடுக்குவார்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் பூசணம் பிடித்துவிடும் அல்லவா? அதற்காகத்தான் அந்தத் துளைகள். கட்டும்போதே ஆங்காங்கே கல் வைக்காமல் விட்டுக்கொண்டே போவார் கொத்தனார். வெறும் துளைதானே என்று விடாமல், சாய்சதுரமாக அமைத்தவர்களும் உண்டு. அவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை வருகிறது. பக்கச்சுவரின் உச்சியில் தனியாக ஒரு துளை இருக்கிறதா, பாருங்கள். அது ஆந்தை வந்துபோக, எலியைப் பிடிக்க.

வீட்டு முகப்பில் ஒரே வரியில் ஒரு கல் நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில் என மாறி மாறி வந்தால் அது ஃபிளெமிஷ் கட்டு. கல்லின் உயரத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், வீட்டின் வயதுக்கு அது ஒரு தடயமாகலாம். 1784-ல் அங்கே செங்கல்லுக்கு வரி போட்டார்கள், எண்ணிக்கைக் கணக்கில். உடனே சிலர் கல்லைப் பெரிதாக அறுத்தார்கள். 1803-ல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி வந்தது. 1850-ல்தான் அந்த வரி ஒழிந்தது.

சிமெண்ட் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. ஒரு கொட்டகையில் யாரோ சந்துகளையெல்லாம் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். நான் விரல் வைத்ததும் செங்கல்லின் முகம் பொருக்காகப் பெயர்ந்து கையோடு வந்தது. சிமெண்ட் மட்டும் கோடு கோடாக நீட்டிக்கொண்டு நின்றது. சுவருக்குள் போன மழைநீர் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் அதைத் தடுக்க, ஈரம் செங்கல்லிலேயே தங்கும். பனிக்காலத்தில் உறைந்து விரிந்து முகத்தை உடைத்துத் தள்ளும்.

இன்னொன்று. வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்தால், அதன் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கும் கொட்டகைக்கும் அதே பாதுகாப்பு பொருந்தும். அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் அனுமதி வாங்க வேண்டும். ஆகவே மகள் எதிலும் கைவைக்காமல் வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லட்டும். சுண்ணாம்புக் காரையில் பழகிய கொத்தனாரை, உறைபனி ஓய்ந்த பிறகு அழைத்தால் போதும்.