தோற்ற ஆட்டத்தை எப்படி ஆராய்வது?

கேள்வி: என்னைவிடத் தரப்புள்ளி அதிகமுள்ளவரிடம் சதுரங்கப் போட்டியில் தோற்றேன். 23ஆம் நகர்த்தலே தவறு என்கிறது கணினி. ஆய்வை அதோடு முடிக்கலாமா?

பதில்: கூடாது. கணினியை மூடிவிட்டு, குறிப்புத்தாளில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எதிரே அப்போது எதற்கு அஞ்சினீர்கள், கடிகாரத்தில் எத்தனை நிமிடம் மீதமிருந்தது என்பதை நினைவு மங்குமுன் எழுதுங்கள். எதிராளியின் பெயருக்குப் பயந்து ஆடிய நகர்த்தல்கள் அதில்தான் தெரியவரும். 1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியில், அப்போதைய சாம்பியன் ஸ்பாஸ்கியுடனான முதல் ஆட்டத்தில், அமெரிக்க வீரர் ஃபிஷர் 29ஆம் நகர்த்தலில் மந்திரியால் (பிஷப்) எச்2 கட்டத்துச் சிப்பாயை வெட்டி அந்த மந்திரியையே இழந்தார். ஆனால் அதற்குப் பிறகும் சமன்செய்ய வழி இருந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. உங்கள் 23ஆம் நகர்த்தலுக்குப் பின்னும் அத்தகைய வழி இருந்ததா என்று பலகையில் காய்களை அடுக்கி, முதலில் நீங்களே தேடுங்கள்.