கலோரியை முடிவு செய்வது மால்ட் கணக்குதான்

கேள்வி: பெங்களூரில் ஒரு மைக்ரோப்ரூவரியில் காய்ச்சும் பிரிவில் வேலை, தினமும் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகப் போய் வருகிறேன். கலோரி குறைந்த பீர் வேண்டும் என்று முதலாளி கேட்டார். வழக்கமான கலவையிலேயே குளுக்கோஅமிலேஸ் என்சைமைச் சேர்த்தோம். 1.044 அடர்த்தியில் (தண்ணீருக்கு 1.000; சர்க்கரை கூடினால் எண்ணும் கூடும்) தொடங்கி 1.010-ல் நிற்கும் பீர், 0.999 வரை இறங்கியது. வாடிக்கையாளர்களோ "தண்ணி மாதிரி இருக்கு, ஆனா ஏறுது" என்கிறார்கள். என்சைமைக் கூட்டலாமா? நம் பக்கத்து ராகி உதவுமா? ஓசூர் வீட்டில் 20 லிட்டர் போட்டுப் பார்க்கலாமா?
– ஓசூர் வாசகர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கூடாது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி குற்றம். 20 லிட்டரானாலும், சொந்த உபயோகத்துக்கு என்றாலும் குற்றம்தான். சோதனையை உரிமம் உள்ள உங்கள் ஆலையிலேயே செய்யுங்கள்.

என்சைமைக் கூட்டவும் வேண்டாம். நீங்கள் கலோரியைக் குறைக்கவே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி. ஈஸ்ட் அதைத் தின்று 0.51 கிராம் ஆல்கஹால் தருகிறது. ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி; ஆக 3.6 கலோரி அப்படியே பீரில் தங்கிவிடுகிறது. உங்கள் பழைய பீர் 4.5 சதவீதம் ஆல்கஹால், 100 மில்லிக்கு ஏறக்குறைய 41 கலோரி. என்சைம் போட்டது 5.9 சதவீதம், 40 கலோரி. ஒரே ஒரு கலோரி குறைய, ஆல்கஹால் கிட்டத்தட்ட ஒன்றரை சதவீதம் ஏறியிருக்கிறது. வாடிக்கையாளர்கள் சொன்னது முழுக்க உண்மை.

மால்ட்டில் (முளைகட்டிக் காயவைத்த பார்லியில்) உள்ள ஆல்ஃபா, பீட்டா அமிலேஸ் என்சைம்களால் மாவுச்சத்தின் கிளைகள் பிரியும் முடிச்சை வெட்ட முடியாது. அங்கே மிஞ்சும் டெக்ஸ்ட்ரினை ஈஸ்ட்டும் தொடாது. குளுக்கோஅமிலேஸ் அந்த முடிச்சையும் வெட்டி எல்லாவற்றையும் குளுக்கோஸாக்கிவிடும். அதனால் 'மாவுச்சத்து குறைந்த பீர்' என்று சொல்லலாம், 'கலோரி குறைந்த பீர்' என்று சொல்லக்கூடாது. அமெரிக்காவில் ஜோசப் ஓவேட்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் இதே என்சைம் வழியில் செய்த கேப்லிங்கர்ஸ் டயட் பீர் 1967-ல் வந்து விற்காமல் போனது. 1975-ல் நாடு முழுக்க வந்த மில்லர் லைட் ஓடியது. அது 355 மில்லிக்கு 96 கலோரி, 4.2 சதவீதம். அந்த எண் வர வேண்டுமானால் தொடக்க அடர்த்தியே 1.032 பக்கம் இருந்தாக வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. என்சைமை மாஷில் (அரைத்த தானியத்தைச் சுடுநீரில் ஊறவைக்கும் கட்டத்தில்) போட்டால் கொதியில் செத்துவிடும். புளிக்கும் தொட்டியில் போட்டால் கடைசி வரை உயிரோடு இருக்கும். பப் பீரைப் பாஸ்டரைஸ் செய்வதில்லை. கெக்கில் (பீர் பீப்பாயில்) அடைத்த பிறகும் அது வெட்டிக்கொண்டே இருக்கும்; எஞ்சிய ஈஸ்ட் வாயுவை ஏற்றிக்கொண்டே இருக்கும். குழாயைத் திறந்தால் வெறும் நுரைதான் வரும்.

ஆகவே மால்ட்டைக் குறையுங்கள். குறைந்த மால்ட்டில் பீரின் உடம்பை, அதாவது வாய் நிறைவை, காப்பாற்றுங்கள். 1.030-ல் தொடங்கி என்சைமோடு 0.999-க்கு இறக்கினால் 4.1 சதவீதம், 27 கலோரி. அதே 1.030-ஐ என்சைம் இல்லாமல் 1.008-ல் நிறுத்தினால் 2.9 சதவீதம், 28 கலோரி. கலோரி ஒன்றுதான், அதை ஆல்கஹாலில் செலவழிப்பதா, வாய் நிறைவில் செலவழிப்பதா என்பது உங்கள் கையில். ருசி வேண்டும் என்றால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். 4 சதவீதத்தை விடமாட்டேன் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தால் அந்தத் தண்ணீர் ருசியையும் அவர் ஏற்கத்தான் வேண்டும்.

500 லிட்டருக்கு, 80 சதவீதம் சத்து இறங்கும் ஆலையில் 62 கிலோ தானியம் போதும்: பேல் மால்ட் 42, மியூனிக் மால்ட் 8, ஓட்ஸ் 4, முளைகட்டிய ராகி 8.

ராகி உதவும், ஆனால் வேலை வாங்கும். தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து ராகியை 12 மணி நேரம் ஊறவைத்து, நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி, ஈரச் சாக்கில் இரண்டு நாள் முளைக்க விடுங்கள். காற்றோட்டம் இல்லாமல் மூன்றாம் நாளும் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அந்த வாடை பீரில் போகவே போகாது. 50 டிகிரியில் காயவைத்து, உள்ளங்கையில் தேய்த்து வேரை உதிர்த்துப் புடைத்துவிடுங்கள். வேர் நின்றால் கசக்கும். அரைக்கும்போது நொய்யாக உடையுங்கள். மாவானால் வடிகட்டும் படுகை அடைத்துக்கொள்ளும். ராகிக்கு பார்லி போல உமி கிடையாது. அதனால் 2 கிலோ சுத்தமான நெல் உமியை மாஷில் கலந்துவிடுங்கள்.

ராகியின் மாவுச்சத்து வேக, பார்லியைவிடக் கூடுதல் சூடு வேண்டும். நேராக மாஷில் கொட்டினால் பாதி வேகாமல் போகும். 35 லிட்டர் தண்ணீரில் பச்சையாகவே கரையுங்கள். கூழுக்குக் கரைக்கிற மாதிரிதான். சுடுநீரில் போட்டால் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி விழுந்து, உள்ளே வெள்ளையாக மாவு அப்படியே நிற்கும். பேல் மால்ட்டில் 2 கிலோவை இதில் சேர்த்து 70 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள், கஞ்சி இளகும். பிறகு கிளறிக்கொண்டே 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். களி கிண்டும் வாசனை வரும்.

மீதி தானியத்தை 160 லிட்டர் தண்ணீரில் 62 டிகிரியில் கலந்து, உடனே கொதிக்கும் ராகியைக் கொட்டினால் மொத்தமும் 68-க்கு வந்து நிற்கும். 62-ல் பத்து நிமிடத்துக்கு மேல் தங்கினால் பீட்டா அமிலேஸ் மாவுச்சத்தை ஈஸ்ட் தின்னும் மால்டோஸாக வெட்டித் தள்ளிவிடும், பிறகு 1.008-ல் நிறுத்த முடியாது. 68-ல் 40 நிமிடம் போதும்.

தண்ணீர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கிருஷ்ணகிரி, தருமபுரி பாறை நிலத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, காரத்தன்மை கூடியது. தருமபுரிப் பக்கம் ஃபுளோரைடும் சேர்ந்துகொள்ளும். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. உங்கள் ஆலையிலும் போர் தண்ணீர்தான் என்றால் ஆர்.ஓ. தண்ணீரில் 100 லிட்டருக்கு 20 கிராம் கால்சியம் குளோரைடு போடுங்கள். குளோரைடு 96 பி.பி.எம். வரும். மெலிந்த பீருக்கு உருண்டையான ருசி தருவது அதுதான். லாக்டிக் அமிலத்தால் மாஷ் பி.எச்.-ஐ 5.3–5.4-ல் நிறுத்துங்கள். தானியத்தைக் கழுவும் நீர் 1.010-க்குக் கீழ் வடியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, குறைகிற அளவுக்குச் சுத்தநீரை ஊற்றிக்கொள்ளுங்கள். சின்ன பீரில் பலரும் தவறுவது இங்கேதான். கடைசிச் சொட்டு வரை அலசினால் தோலின் துவர்ப்பு இறங்கிவிடும்.

கசப்பு 15–18 ஐ.பி.யு. (கசப்பை அளக்கும் அலகு) போதும், அதற்கு மேல் போனால் தாங்க உடம்பு இல்லை. வாசனைக்கு, கொதி நின்று 80 டிகிரிக்கு ஆறியதும் ஒரு கிலோ ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போட்டு 20 நிமிடம் சுழலவிடுங்கள். ட்ரை ஹாப் (ஆறிய பீரில் ஹாப்ஸைப் பச்சையாகப் போடுவது) வேண்டாம்; பச்சை ஹாப்ஸில் உள்ள என்சைம்களும் நாம் காப்பாற்றிய டெக்ஸ்ட்ரினைத்தான் வெட்டும்.

மால்டோட்ரையோஸ் என்ற சர்க்கரையை முழுக்கத் தின்னாத ஏல் ஈஸ்ட்டை எடுங்கள். 18 டிகிரியில் புளிக்கட்டும். முடிந்ததும் இரண்டு நாள் அப்படியே விட்டு, வெண்ணெய் வாடை போன பிறகு குளிரவையுங்கள். மெலிந்த பீர் எந்தக் குறையையும் மறைக்காது. புளித்த பின் ரிஃப்ராக்டோமீட்டரை (ஒளிவிலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவியை) நம்ப வேண்டாம், ஆல்கஹால் அதைக் குழப்பும். வாயுவை நீக்கிய பீரில் ஹைட்ரோமீட்டரை (மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் கருவியை) விட்டுப் பாருங்கள்.

பலகையில் வெறுமனே 'லோ கலோரி' என்று எழுதாமல் '500 மில்லி, 140 கலோரி, 2.9 சதவீதம்' என்று எழுதச் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர் அந்தப் பலகையைப் பார்த்துத் தைரியமாக வெறும் வயிற்றில் குடித்தால், ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பரிமாறுபவர்களுக்கு அதையும் சொல்லிவையுங்கள்.