கால்பந்தே தொழில் என்கிற பிள்ளைக்கு: டிக்ஸி டீனின் சம்பளக் கணக்கு

பையன் பந்தை விடமாட்டேன் என்கிறான், அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோரின் கவலையெல்லாம் அவன் தேர்வாவானா என்பதிலேயே நிற்கிறது. தேர்வான மறுநாளிலிருந்து என்ன நடக்கும் என்பதுதான் பெரிய கேள்வி. அதைத் தெளிவாகப் பார்க்க, இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் இங்கிலாந்தில் கால்பந்தைத் தொழிலாகக் கொண்டவர்களின் கணக்கைப் போல உதவுவது வேறில்லை. சம்பளம், ஒப்பந்தம், காயம், ஓய்வு எல்லாமே பதிவில் இருக்கிறது.

முதலில் வருமானம். அங்கே லீக் வீரருக்குச் சம்பள உச்சவரம்பு 1901-லிருந்தே இருந்தது. 1922 முதல் அது இப்படி: சீசன் நடக்கும் 37 வாரத்துக்கு வாரம் 8 பவுண்ட், கோடையில் 15 வாரத்துக்கு வாரம் 6 பவுண்ட். 296-ம் 90-ம் சேர்ந்தால் ஆண்டுக்கு 386 பவுண்ட். வெற்றிக்கு 2 பவுண்ட், டிராவுக்கு 1 பவுண்ட் போனஸ். அன்றைக்குப் புள்ளியும் வெற்றிக்கு 2, டிராவுக்கு 1 என்பதால், அணி எத்தனை புள்ளி எடுத்ததோ அத்தனை பவுண்ட்தான் போனஸ்.

1927–28 சீசனில் எவர்டன் கிளப் 53 புள்ளியோடு பட்டம் வென்றது. அந்த அணியின் டிக்ஸி டீன் 39 லீக் ஆட்டத்தில் 60 கோல் அடித்தார். அறுபதை எட்டக் கடைசி மூன்று ஆட்டத்தில் 9 கோல் தேவைப்பட்டது. ஆஸ்டன் வில்லாவோடு 2, பர்ன்லியோடு 4, 1928 மே 5 அன்று ஆர்சனலோடு 3. அலெக் ட்ரூப் அடித்த கார்னரைத் தலையால் முட்டி அறுபதாவதைப் போட்டபோது டீனுக்கு வயது 21. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் எட்டவில்லை. அன்றைய விதிப்படி ஒரு வீரர் அந்த ஆண்டு லீக்கில் வாங்கியிருக்கக்கூடிய அதிகபட்சம், சம்பளமும் போனஸும் சேர்த்து, 439 பவுண்ட். கோல் கணக்கில் ஒரு பென்னி கூடக் கிடையாது.

சாதாரணத் தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் இது நல்ல காசுதான். அதனால்தான் சின்னப் பையன்கள் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் உச்சவரம்பு கிடைத்துவிடவில்லை. கீழ் டிவிஷன்களில் அதற்குக் குறைவாக வாங்கியவர்களே அதிகம்.

அடுத்தது ஒப்பந்தம். இங்கேதான் பெற்றோர் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். ஆனால் அது முடிந்த பிறகும் வீரரின் பதிவு, அதாவது அவரை ஆடவைக்கும் உரிமை, கிளப் கையிலேயே இருக்கும். கிளப் சொன்ன சம்பளம் பிடிக்கவில்லை என்றால் அவர் வேறு லீக் கிளப்புக்கும் போக முடியாது, பழைய கிளப்பிலும் சம்பளம் வராது. கிளப் மாறினால் வீரருக்குக் கையெழுத்துப் பணம் 10 பவுண்ட்தான். 1928-ல் டேவிட் ஜாக் என்ற வீரரை போல்டன் கிளப்பிடமிருந்து ஆர்சனல் கிளப் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியபோது, அந்தத் தொகை போனது போல்டனுக்கு. ஐந்தாண்டு உழைத்தவருக்கு 650 பவுண்ட் வரை சேவைப் பணம் தரலாம் என்று விதி இருந்தது. "தரலாம்" என்பதைக் கவனியுங்கள். தந்தே ஆகவேண்டும் என்று இல்லை.

அதே காலத்து வீரர் ஸ்டான்லி மேத்யூஸின் அப்பா ஹான்லி என்ற ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், குத்துச்சண்டைக்காரரும்கூட. மகன் 15 வயதில் ஸ்டோக் சிட்டியில் வாரம் 1 பவுண்டுக்கு ஆபீஸ் பையனாகச் சேர்ந்தான். 1932-ல், 17-வது பிறந்தநாளில், தொழில்முறை வீரனாகக் கையெழுத்திட்டான். அப்பா போட்ட நிபந்தனை: சம்பளம் அப்படியே சேமிப்புக் கணக்குக்குப் போக வேண்டும், செலவுக்கு வெற்றி போனஸ் மட்டும். ஒரு பெற்றோர் எடுத்த முடிவுகளில் இதை விடச் சிறந்ததைக் காண்பது அரிது. அதே மேத்யூஸ் 1938-ல் கிளப்பை விட்டுப் போகக் கேட்டபோது போகக் கூடாது என்று ஊரே திரண்டு கூட்டம் போட்டது, கிளப்பும் விடவில்லை. 1947-ல், 32 வயதில்தான் பிளாக்பூலுக்குப் போக முடிந்தது.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அன்று மாற்று வீரரே கிடையாது. அடிபட்டவர் நொண்டிக்கொண்டே ஆடினார், முழங்கால் மேலும் கெட்டது. சண்டர்லேண்ட் கோல்கீப்பர் ஜிம்மி தோர்ப் நீரிழிவுக்காரர். 1936 பிப்ரவரி 1 அன்று செல்சியோடு ஆடும்போது பந்தைப் பிடித்தபடி கிடந்தவர் மேல் உதைகள் விழுந்தன. அப்படியும் ஆட்டத்தை முடித்துவிட்டே வீட்டுக்குப் போனார். சில நாளில் இறந்துபோனார், வயது 22. உங்கள் பிள்ளைக்குச் சர்க்கரையோ, வீசிங்கோ, பழைய எலும்பு முறிவோ இருந்தால், இடம் போய்விடுமோ என்று பயந்து மறைக்காதீர்கள். சேரும் நாளிலேயே மருத்துவச் சான்றோடு எழுதிக் கொடுங்கள்.

1939 செப்டம்பரில் போர் வந்தபோது முதல் டிவிஷனில் சீசன் மூன்று ஆட்டத்தோடு நின்றது. ஒப்பந்தங்கள் முடங்கின, சம்பளமும் நின்றது. பிறகு நடந்த போர்க்கால ஆட்டங்களுக்கு முதலில் ஆட்டத்துக்கு 30 ஷில்லிங், அதாவது ஒன்றரை பவுண்ட். கையில் வேறு தொழில் இருந்தவர்கள் அதைக் கொண்டு சமாளித்தார்கள்.

டீனும் 14 வயதில் விர்ரல் ரயில்வேயில் ஃபிட்டர் அப்ரண்டிஸாக இருந்தவர்தான். பந்துக்காக இரவு வேலை கேட்டு வாங்கினார். பிறகு கால்பந்தே முழுநேரமானது. 31 வயதில் எவர்டன் அவரை நாட்ஸ் கவுண்டிக்கு விற்றது. ஓய்வுக்குப் பின் செஸ்டரில் மதுக்கடை நடத்தினார், அதற்குப் பிறகு லிட்டில்வுட்ஸ் நிறுவனத்தில் போர்ட்டராக வேலை பார்த்தார்.

ஆகவே அகாடமியோ கிளப்போ தாளை நீட்டினால் அன்றே கையெழுத்திட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு வந்து நான்கு விஷயத்துக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: காலம் முடிந்ததும் பதிவு யார் கையில், ஆட்டம் இல்லாத மாதங்களில் சம்பளம் எவ்வளவு, அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, இடையில் கழற்றிவிட்டால் என்ன கிடைக்கும். அவன் பயிற்சி நேரம் போக மீதியில் ஒரு தொழிற்சான்றிதழ் படிப்பைச் சேருங்கள். அதன் தேர்வுத் தேதிகளைப் பயிற்சியாளரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.