ஐரோப்பிய நிறுவனங்களின் காலநிலை அறிக்கைகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சட்டம் அடிக்கடி மாறுகிறது. ஐரோப்பாவில் இப்போது யாரெல்லாம் நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும்?

முதலில் 2014-ல் ஒரு வழிகாட்டு ஆணை வந்தது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரிய நிறுவனங்கள், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் மட்டும் அதில் அடங்கின. எப்படி எழுத வேண்டும் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டதால், இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியவில்லை. அதைச் சரிசெய்ய 2022-ல் வந்ததுதான் சி.எஸ்.ஆர்.டி. என்ற நிறுவன நிலைத்தன்மை அறிக்கை ஆணை. சுமார் 50,000 நிறுவனங்கள் அதன் வளையத்துக்குள் வர இருந்தன. முதல் அலை நிறுவனங்கள், அதாவது பழைய ஆணையில் ஏற்கெனவே இருந்தவை, 2024 நிதியாண்டுக்கான அறிக்கையை 2025-ல் வெளியிட்டன. ஜெர்மனி போன்ற சில நாடுகள் 2024 ஜூலை 6 என்ற கெடுவுக்குள் இதைத் தங்கள் சட்டமாக்கவில்லை. அங்கே பல நிறுவனங்கள் தாமாக முன்வந்துதான் எழுதின.

2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம், பல சட்டங்களை ஒன்றாகத் தளர்த்தும் 'ஆம்னிபஸ்' திருத்தத்தை முன்வைத்தது. ஏப்ரலில் இரண்டாம் அலையும் (மற்ற பெரிய நிறுவனங்கள்) மூன்றாம் அலையும் (பட்டியலிட்ட சிறு, நடுத்தர நிறுவனங்கள்) இரண்டு வருடம் தள்ளிவைக்கப்பட்டன. டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளும் உடன்பட்ட வரம்பு இதுதான்: 1,000 ஊழியர்களுக்கு மேல், அத்துடன் 45 கோடி யூரோவுக்கு மேல் நிகர விற்றுமுதல். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும், ஒன்று மட்டும் போதாது. பட்டியலிட்ட சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு விலக்கு. பெரும்பாலான நிறுவனங்கள் இதனால் வெளியே போய்விட்டன. என் பார்வையில் இது இழப்புதான். 600 பேர் வேலை செய்யும் ஒரு சிமென்ட் ஆலை, 3,000 பேர் வேலை செய்யும் ஆலோசனை நிறுவனத்தைவிடப் பல மடங்கு புகை விடலாம். ஆள் எண்ணிக்கையை வைத்துக் கோடு போட்டால் அது தெரியாது.

கேள்வி: 'இரட்டை முக்கியத்துவம்' என்கிறார்கள். ஆலோசகர் ஒரு கட்டம் வரைந்து, புள்ளிகள் வைத்துக் கொடுத்துவிட்டார். அது போதுமா?

போதாது. அறிக்கையில் என்ன இடம்பெறும், எது விடுபடும் என்பதை முடிவு செய்வதே இந்த மதிப்பீடுதான். இங்கே தவறினால் பின்னால் வரும் 150 பக்கமும் தவறு.

ஒவ்வொரு விஷயத்தையும் இரண்டு திசையில் பார்க்க வேண்டும். நிறுவனம் மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன செய்கிறது என்பது ஒன்று. அந்த விஷயம் நிறுவனத்தின் பணத்துக்கு என்ன செய்யும் என்பது மற்றொன்று. ஏதாவது ஒரு திசையில் முக்கியம் என்று வந்தாலே அது அறிக்கையில் இடம்பெற வேண்டும். அடிக்கடி பார்க்கும் பிழை இந்த இடத்தில்தான் நடக்கிறது: இரண்டு திசைக்கும் தனித்தனியாகக் கொடுத்த மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுத்துவிடுகிறார்கள்.

ஒரு ஜெர்மன் சூப்பர்மார்க்கெட் குழுமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலக் கடைசியில் அதன் கடைகளுக்கு வரும் ஸ்ட்ராபெரி, தெற்கு ஸ்பெயினின் உவெல்வா மாகாணத்தில் விளைகிறது. பக்கத்திலேயே டோன்யானா சதுப்பு நிலம். அங்கே அளவுக்கு மீறி நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதைத் தடுக்கத் தவறியதாக ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 ஜூனில் ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. நீர் என்ற தலைப்புக்குத் தாக்க மதிப்பெண் 5-க்கு 5. குழுமத்தின் வருமானத்தில் ஸ்ட்ராபெரி சிறு துளி, ஆகவே நிதி மதிப்பெண் 2. சராசரி 3.5. வரம்பு 4 என்று வைத்திருந்தால் டோன்யானா அறிக்கையிலிருந்தே காணாமல் போகும். வறண்டுகொண்டிருக்கும் ஓர் ஈரநிலம் ஒரு கூட்டல்-வகுத்தலில் மறைந்துவிடுகிறது.

தாக்கத்தை எடைபோட மூன்று கேள்விகள்: எவ்வளவு கடுமை, எவ்வளவு பரவல், திருப்பிச் சரிசெய்ய முடியுமா. இன்னும் நடக்காத தாக்கம் என்றால் நிகழும் வாய்ப்பையும் சேர்க்க வேண்டும். மனித உரிமை விஷயத்தில் மட்டும் கடுமைதான் முந்தும். 'நடக்க வாய்ப்பு குறைவு' என்று சொல்லி, குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையைக் கீழே இறக்கக் கூடாது.

ஆலோசகரிடம் கட்டத்தோடு இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: நீக்கப்பட்ட தலைப்புகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் காரணம், வரம்பை யார் எந்தத் தேதியில் தீர்மானித்தார் என்ற குறிப்பு. தணிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: காலநிலை எங்களுக்கு முக்கியமே இல்லை என்று ஒரு நிறுவனம் சொல்லிவிட முடியுமா?

முடியும். ஆனால் மற்ற தலைப்புகளைப் போல மௌனமாக விட முடியாது. அந்த முடிவுக்கு எப்படி வந்தது என்ற விரிவான விளக்கத்தையும், எதிர்காலத்தில் என்ன நடந்தால் நிலைமை மாறும் என்பதையும் எழுத வேண்டும்.

கேள்வி: வெள்ளம், வறட்சி போன்ற ஆபத்துகளை யூரோவில் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பெரும்பாலான அறிக்கைகளில் வண்ண வரைபடம்தான் இருக்கிறது.

வரைபடம் ஆரம்பம் மட்டுமே. அதன்பின் நடக்க வேண்டிய வேலையை ரைன் நதியை வைத்துச் சொல்கிறேன்.

ரைனில் சரக்குப் படகு எவ்வளவு ஏற்றலாம் என்பதை, காவுப் என்ற சிற்றூரில் உள்ள நீர்மட்ட அளவுகோல்தான் தீர்மானிக்கிறது. நதியின் அந்தப் பகுதியில் ஆழம் மிகக் குறைவு. 2018 அக்டோபரில் அந்த அளவுகோல் 25 செ.மீ. வரை இறங்கியது. (அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் தரை அல்ல; கப்பல் தடத்தில் அதற்குக் கீழேயும் ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் உண்டு. இதைத் தெரியாமல் '25 செ.மீ. தண்ணீரில் படகு எப்படிப் போகும்' என்று குழம்புபவர்கள் நிறைய.) அந்த வருடம் ரைன் கரையில் லுட்விக்ஸ்ஹாபனில் ஆலை வைத்திருக்கும் பி.ஏ.எஸ்.எஃப். என்ற வேதிப்பொருள் நிறுவனத்துக்கு ஏற்பட்ட பாதிப்பு சுமார் 25 கோடி யூரோ.

இதே போன்ற ஓர் ஆலைக்குக் கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும்.

ஆலைகள், கிடங்குகள், முக்கிய சப்ளையர்கள் எல்லாவற்றையும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு பட்டியலிட வேண்டும். தலைமை அலுவலக முகவரியைப் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. சரக்கு வரும் பாதையை மறந்துவிடுவது அதைவிட மோசமான தவறு. அடுத்து, அதிக உமிழ்வு இருக்கும் எதிர்காலக் காட்சி ஒன்றையாவது எடுத்து, குறுகிய, நடு, நீண்ட காலங்களில் நீர்மட்டம் வரம்புக்குக் கீழே இருக்கும் நாட்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும். நடு காலம் என்பது ஐந்து வருடம் வரை, நீண்ட காலம் அதற்கு மேல்.

கூடுதலாக 20 நாட்கள் என்று வந்தால்: ஒரு நாள் பங்களிப்பு லாபம் (விற்பனையில் மூலப்பொருள் போன்ற மாறும் செலவைக் கழித்த மீதி) 3 லட்சம் யூரோ, உற்பத்தி 40 சதவீதம் குறையும் என்றால், 20 × 3,00,000 × 0.4 = 24 லட்சம் யூரோ. ரயிலுக்கும் சிறு படகுகளுக்கும் மாற்றியதில் 60,000 டன்னுக்கு டன்னுக்கு 15 யூரோ கூடுதல் என்றால் 9 லட்சம். மொத்தம் 33 லட்சம் யூரோ.

இந்த ஆபத்தில் ஆலையின் சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆகவே 'ஆபத்தில் உள்ள சொத்து மதிப்பு' என்ற பத்தியை மட்டும் நிரப்புகிறவர் பூஜ்யம் என்று எழுதுவார். இழப்பு முழுக்க இயக்கச் செலவிலும் விற்பனையிலும் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பொருந்தும் அட்டவணை வறட்சிக்குப் பொருந்தாது.

தடுப்பு நடவடிக்கைக்கு முந்தைய ஆபத்தையும், நடவடிக்கை எவ்வளவைச் சமாளிக்கிறது என்பதையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அதே பி.ஏ.எஸ்.எஃப். 2023-ல் 135 மீட்டர் நீளமுள்ள ஆழமற்ற நீருக்கான டேங்கர் கப்பல் ஒன்றை ஓட்டத் தொடங்கியது. காவுப் அளவுகோல் 30 செ.மீ. காட்டும்போதும் அதனால் 800 டன் ஏற்றிச் செல்ல முடியும். 'தகவமைப்பு நடவடிக்கைகளில் கவனம் செலுத்துகிறோம்' என்ற வாக்கியத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அறிக்கை படிக்கும்போது மனதில் வையுங்கள்.

யூரோ எண்கள் பல அறிக்கைகளில் இல்லாததற்குச் சட்டமே ஒரு காரணம். எதிர்பார்க்கப்படும் நிதி விளைவுகளை முதல் வருடம் விட்டுவிட அனுமதி இருந்தது. 2025 ஜூலையில் முதல் அலை நிறுவனங்களுக்கு அந்தச் சலுகையை 2025, 2026 நிதியாண்டுகளுக்கும் நீட்டித்தார்கள்.

கேள்வி: ஒரே அறிக்கையில் மின்சார உமிழ்வுக்கு இரண்டு எண்கள். எது உண்மை?

இரண்டும். 'இடம் சார்ந்த' எண், அந்த நாட்டு மின்கட்டமைப்பின் சராசரிப்படி. 'சந்தை சார்ந்த' எண், நிறுவனம் செய்த மின் ஒப்பந்தம், வாங்கிய பசுமை மின்சாரச் சான்றிதழ்களின்படி. இரண்டையும் தருவது கட்டாயம். சந்தை எண் மட்டும் சரசரவென்று இறங்கி, இட எண் அசையாமல் இருந்தால், மின் நுகர்வு குறையவில்லை, சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். ஐரோப்பிய வாடிக்கையாளர் பெரிய கேள்விப் படிவம் அனுப்பியிருக்கிறார். எங்கே தொடங்குவது?

அவருடைய 'ஸ்கோப் 3' கணக்கில் (அவருக்காக மற்றவர்கள் விடும் உமிழ்வு), வாங்கிய பொருட்கள் என்ற முதல் வகையில் நீங்கள் வருகிறீர்கள். உங்களிடமிருந்து அவருக்கு முதலில் வேண்டியது மூன்று பில்களில் இருக்கிறது: டீசல், மின்சாரம், விறகு.

ஜெனரேட்டருக்கு வருடம் 12,000 லிட்டர் டீசல் என்றால், லிட்டருக்கு சுமார் 2.68 கிலோ வீதம் 32 டன் கரியமில வாயு. இது ஸ்கோப் 1, அதாவது உங்கள் இடத்திலேயே எரிப்பதால் வருவது. மின்சாரம் 6 லட்சம் யூனிட் என்றால், இந்திய மின்கட்டமைப்புக்கு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ வீதம் 420 டன். இது ஸ்கோப் 2, அதாவது வாங்கும் மின்சாரத்தால் வருவது. பாய்லரில் விறகு எரித்தால், அதன் கரியமில வாயுவைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். அதிலிருந்து வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்ஸைடும் ஸ்கோப் 1-ல் சேரும். விறகுக்குப் பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள்.

சொந்தக் காற்றாலை இருந்து, 4 லட்சம் யூனிட் மின்வாரிய பில்லில் கழிகிறது என்றால், சந்தை சார்ந்த எண் 140 டன்னாகக் குறையும், இடம் சார்ந்த எண் 420-லேயே நிற்கும். அந்தக் காற்றாலையின் பசுமைச் சான்றிதழை வேறொருவருக்கு விற்றிருந்தால் இந்தக் குறைப்பைக் காட்ட உரிமை இல்லை. ஒரே காற்றை இரண்டு பேர் சொந்தம் கொண்டாட முடியாது.

அடுத்தது பங்கீடு. வருடத்தில் 400 டன் ஆடை தைத்து, அதில் 80 டன் இவருக்குப் போனால், 452 டன்னில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 90 டன்தான் இவர் கணக்கு. ஐந்து வாடிக்கையாளருக்கும் 452 என்றே அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு சாயப்பட்டறை. ஜாப் வொர்க் கொடுத்திருந்தால் அது உங்கள் ஸ்கோப் 1-ல் வராது, ஆனால் வெந்நீரும் நீராவியும் அங்கேதான் அதிகம் செலவாகின்றன. அதை விட்டுவிட்டால் ஒரு டி-சர்ட்டின் கணக்கே பொய்யாகிவிடும். பட்டறையிடம் கிலோவுக்கு எவ்வளவு விறகு, எவ்வளவு யூனிட் என்று எழுத்தில் வாங்குங்கள்.

படிவம் மிகப் பெரிதாக இருந்தால், சிறு நிறுவனங்களுக்காக வந்த வி.எஸ்.எம்.இ. தரநிலைப்படி தரட்டுமா என்று கேளுங்கள். அடிப்படைப் பகுதியில் 11 தலைப்புகள், விரிவான பகுதியில் 9. இந்தத் தரநிலையை ஐரோப்பிய ஆணையமே 2025 ஜூலையில் பரிந்துரைத்தது. ஒருமுறை ஒழுங்காகத் தயாரித்தால் எல்லா வாடிக்கையாளருக்கும் அதே கோப்பைக் கொடுக்கலாம்.

கேள்வி: 'நெட் ஜீரோ' என்று அட்டையிலேயே போடுகிறார்கள். நம்பலாமா?

அறிக்கையில், காலநிலைக்கான ஐரோப்பியத் தரநிலையான இ1-ன்படி எழுதிய இலக்குப் பகுதியைத் திறந்து பாருங்கள். உமிழ்வு குறைப்பு இலக்கில் கார்பன் கிரெடிட்டை (வேறிடத்தில் நடந்த குறைப்புக்காகப் பணம் கொடுத்து வாங்கும் சான்று) கழிக்க அனுமதி இல்லை. கிரெடிட்டுகளைத் தனியாகத்தான் காட்ட வேண்டும். இலக்கு மொத்த டன்னிலா, அல்லது ஒரு யூரோ விற்பனைக்கு இத்தனை கிலோ என்ற விகிதத்திலா என்று பாருங்கள். விகிதம் 20 சதவீதம் குறைந்து, விற்பனை 30 சதவீதம் கூடினால், வானத்துக்குப் போகும் புகை 4 சதவீதம் அதிகம். ஸ்கோப் 3 இலக்கில் சேர்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். கிரெடிட்டை மட்டும் நம்பி ஒரு பொருளை 'கார்பன் நியூட்ரல்' என்று நுகர்வோரிடம் விற்பதற்கு, ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல் தடை.

கேள்வி: தணிக்கையாளர் கையெழுத்து இருந்தால் எண்கள் சரி என்று அர்த்தமா?

இப்போதைக்கு 'வரையறுக்கப்பட்ட உறுதி' மட்டுமே. 'தவறு என்று நம்பும்படி எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை' என்ற வாசகத்தில் அது இருக்கும். நிதிக் கணக்குத் தணிக்கையின் அளவுக்கு ஆழமாகப் போவதில்லை. பிற்காலத்தில் கூடுதல் உறுதிக்கு உயர்த்தும் திட்டமும் ஆம்னிபஸ்ஸில் கைவிடப்பட்டது.

கேள்வி: 200 பக்க அறிக்கையில் முதலில் எந்தப் பக்கத்தைப் படிப்பது?

காலநிலைப் பகுதியை விட்டுவிட்டு, நிதிக் கணக்கின் குறிப்புகளுக்குப் போங்கள். சொத்து மதிப்புக் குறைப்புச் சோதனை என்ற குறிப்பில், எதிர்காலக் கார்பன் விலை எவ்வளவு என்று அனுமானித்திருக்கிறார்கள், ஆலையின் ஆயுளை எந்த வருடம் வரை வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். பிறகு காலநிலைப் பகுதியில் அதே இரண்டு விவரங்களைத் தேடுங்கள். 2035-ல் நிலக்கரி உலையை மூடுவோம் என்று அங்கே எழுதிவிட்டு, கணக்கில் அதே உலைக்கு 2045 வரை தேய்மானம் போட்டிருந்தால், இரண்டில் ஒன்று தவறு. பங்குதாரர் பொதுக்குழுவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். பக்க எண்கள் இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள்.