ஆப்பிள் ஃப்ரிட்டர்: முதலில் ஈரத்தை விரட்டுங்கள்

சென்ற இதழில் வீட்டு டோனட் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த தில்லித் தமிழ் வாசகர்கள் பலரும் அடுத்துக் கேட்டிருப்பது கிளேஸ் என்ற சர்க்கரைப் பூச்சோடு வரும் ஆப்பிள் ஃப்ரிட்டர். ஒரே சந்தேகம் பல கடிதங்களில் இருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: மேலே சர்க்கரைப் பூச்சு, உள்ளே அங்கங்கே ஆப்பிள், கரடுமுரடான மொறுமொறுப்பு. அமெரிக்காவில் மகன் வீட்டில் சாப்பிட்டது அப்படி இருந்தது. நான் ஆப்பிள் வில்லையை மாவில் தோய்த்துப் பொரித்தால் பஜ்ஜி மாதிரிதான் வருகிறது. சரியான அளவு என்ன? (ஆர்.கே. புரம் வாசகி)

பதில்: நீங்கள் செய்ததும் ஃப்ரிட்டர்தான், ஆனால் வேறு ஜாதி. நீங்கள் சாப்பிட்டது டோனட் கடைகளில் ஈஸ்ட் மாவில் செய்வது. 12 துண்டுகளுக்கு அளவு தருகிறோம்.

மாவுக்கு: மைதா 400 கிராம், சர்க்கரை 50 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 1 டீஸ்பூன், பால் 200 மி.லி., முட்டை 1, இளகிய வெண்ணெய் 50 கிராம். ஆப்பிளுக்கு: தோலும் விதையும் நீக்கி 1 செ.மீ. சதுரங்களாக நறுக்கிய ஆப்பிள் 400 கிராம், சர்க்கரை 60 கிராம், வெண்ணெய் 25 கிராம், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், பட்டைப்பொடி ஒன்றரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

ஆப்பிள் வேலையை முதலில் முடித்துவிடுங்கள், ஏனென்றால் அது முழுக்க ஆற வேண்டும். அகலமான வாணலியில் எல்லாவற்றையும் போட்டு, மூடாமல், மிதமான தீயில் 10 நிமிடம் கிளறுங்கள். முதலில் நிறைய நீர் விடும், பிறகு சுண்டும். வாணலியைச் சாய்த்தால் சாறு ஓடக் கூடாது. எல்லாம் சேர்த்து நிறுத்தால் 350 கிராமுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எதைச் செய்தாலும் ஈடுகட்ட முடியாது.

இனி மாவு. அதற்கான பொருள்களில் வெண்ணெய் தவிர மற்றதைப் பிசைந்து, 5 நிமிடம் கழித்து வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இன்னும் 7, 8 நிமிடம் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, விரலில் லேசாக ஒட்டும் பதம். ஒட்டுகிறதே என்று மைதாவைக் கொட்டாதீர்கள். மூடி வைத்தால் 28 டிகிரி வெப்பத்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகும்.

அதை 30 செ.மீ.க்கு 25 செ.மீ. அளவில் தட்டி, ஒரு டேபிள்ஸ்பூன் மைதா தூவி, ஆப்பிளைப் பரப்பி, மூன்றாக மடியுங்கள். இனி தோசைத் திருப்பியின் விளிம்பால் நெடுக்காகவும் குறுக்காகவும் 2 செ.மீ. துண்டுகளாகக் கொத்துங்கள். மேலே இன்னும் 2 டேபிள்ஸ்பூன் மைதா தூவிப் புரட்டிக் கொத்துங்கள். பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். அந்த அலங்கோலம்தான் பொரித்தபின் கரடுமுரடாகிறது. இரண்டாவதாகத் தூவும் மைதாதான் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை. அதை விட்டுவிட்டால் எண்ணெயில் ஃப்ரிட்டர் உதிர்ந்து போகும்.

எல்லாவற்றையும் உருளையாகச் சேர்த்து 12 பங்காக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒன்றரை செ.மீ. கனத்துக்கு அழுத்தி, எண்ணெய் தடவிய தனித்தனிப் பேக்கிங் பேப்பர் துண்டின் மேல் வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆப்பிளை உள்ளே தள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுதான் முதலில் கருகும். 35 முதல் 45 நிமிடத்தில் உப்பலாகும். விரலால் தொட்டால் பள்ளம் மெதுவாகப் பாதி எழும்ப வேண்டும்.

எண்ணெய் 5 செ.மீ. ஆழம், 175 டிகிரி. பேப்பரோடு எண்ணெய்க்குள் இறக்கினால் சில நொடியில் பேப்பர் தானே கழன்றுவிடும், இடுக்கியால் எடுத்துவிடுங்கள். பக்கத்துக்கு 2 முதல் இரண்டரை நிமிடம். ஒரே நேரத்தில் இரண்டு, அதிகம் போனால் மூன்று.

கேள்வி: வெளியே கருத்துவிட்டது, உள்ளே பச்சை மாவு. தீயைக் குறைத்தால் எண்ணெய் குடிக்கிறது. என்னதான் செய்வது? (மயூர் விஹார் வாசகி, துவாரகாவிலிருந்தும் இருவர்)

பதில்: தீயில் கை வைப்பதற்கு முன் ஆப்பிளைப் பாருங்கள். ஈரமான ஆப்பிளைச் சுற்றியிருக்கும் மாவு எவ்வளவு பொரித்தாலும் களியாகவே இருக்கும். அங்கே சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. பிய்த்துப் பாருங்கள். ஆப்பிளை ஒட்டிய இடம் மட்டும் பச்சையாக இருந்தால் குற்றவாளி ஈரம். நடுப்பகுதி முழுக்கப் பச்சை என்றால் துண்டு தடிமனாகிவிட்டது, அல்லது எண்ணெய் 190 டிகிரியைத் தாண்டிவிட்டது, அல்லது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த மாவை நேராகப் போட்டிருக்கிறீர்கள். இந்த மாவில் சர்க்கரை இருப்பதால் பூரி, வடையைவிடச் சீக்கிரம் சிவக்கும். நிறத்தை நம்பி எடுத்தால் ஏமாந்து போவீர்கள்.

எண்ணெய் குடிப்பதற்குக் காரணங்கள் வேறு. 160 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மேல்தோல் இறுகத் தாமதமாகும், அதற்குள் எண்ணெய் புகுந்துவிடும். வாணலியில் நெருக்கிப் போட்டாலும் சூடு அப்படித்தான் இறங்கும். இன்னொன்று, மாவு அளவுக்கு மீறிப் பொங்கியிருப்பது. தொட்ட பள்ளம் எழும்பாமல் அப்படியே நின்றால் உள்ளே காற்றறைகள் பலவீனமாகிவிட்டன. பொரிக்கும்போது அமுங்கிப் பஞ்சுபோல் உறிஞ்சும். அப்படிப்பட்ட மாவை மறுபடி லேசாகச் சேர்த்து அழுத்தி, 20 நிமிடம் விட்டுப் பொரியுங்கள்.

வெப்பமானி வாங்கிவிடுவதே நல்லது. இல்லையென்றால் சுண்டைக்காய் அளவு மாவைப் போடுங்கள். அடியில் போய் மூன்று, நான்கு நொடியில் மேலே வந்து, ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சரி. போட்டவுடனே மிதந்து சிவந்தால் சூடு அதிகம்.

கேள்வி: வாசனையாக இருக்கட்டும் என்று மாவிலேயே பட்டைப்பொடி போட்டுப் பிசைந்தேன். மூன்று மணி நேரமாகியும் உப்பவில்லை. ஈஸ்ட் கெட்டதா? (கரோல் பாக் வாசகி)

பதில்: ஈஸ்ட் நல்லதாகவே இருந்திருக்கலாம். பட்டையின் வாசனைக்குக் காரணமான சின்னமால்டிஹைடு ஈஸ்டை மந்தப்படுத்தும். அதனால்தான் அதை ஆப்பிளோடு மட்டும் சேர்க்கச் சொல்கிறோம். இருந்தாலும் ஈஸ்டைச் சோதித்துக்கொள்ளுங்கள்: கால் கப் வெதுவெதுப்பான நீர், அரை டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். 10 நிமிடத்தில் நுரை கட்டாவிட்டால் குப்பையில் போடுங்கள். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். தெருமுனைக் கடையில் ஈஸ்ட் என்றால் விழிப்பார்கள், ‘கமீர்’ என்று கேளுங்கள்.

கேள்வி: ஜனவரிக் குளிரில் மாவு கல்லாகக் கிடக்கிறது. ஹீட்டர் பக்கத்தில் வைக்கலாமா? (ரோகிணி வாசகர்)

பதில்: வேண்டாம். ஒரு பக்கம் காய்ந்து தோல் கட்டும், மறுபக்கம் ஜில்லென்றே இருக்கும். பால் 38 முதல் 40 டிகிரி சூட்டில் இருக்கட்டும். அதற்காகக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். பிசைந்த மாவை, சூடாக்காத ஓவனுக்குள் வைத்து, கீழ்த்தட்டில் ஒரு பாத்திரம் கொதிநீர் வையுங்கள். மைக்ரோவேவில் ஒரு டம்ளர் நீரைக் கொதிக்கவிட்டு, அணைத்தபின் அதன் பக்கத்தில் மாவை வைத்துக் கதவை மூடினாலும் போதும். அரை மணிக்கொருமுறை நீரை மாற்றுங்கள். அவசரமில்லை என்றால் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் விட்டுவிடலாம். மெதுவாகப் பொங்கிய மாவுக்கு ருசி அதிகம்.

மே, ஜூனில் பிரச்சினை தலைகீழ். பாலைக் குளிர்ச்சியாக ஊற்றி, ஈஸ்டை 4 கிராமாகக் குறையுங்கள். 40 நிமிடத்திலேயே எட்டிப் பாருங்கள்.

கேள்வி: எந்த ஆப்பிள் வாங்குவது? (முனிர்க்கா வாசகி)

பதில்: புளிப்பும் உறுதியும் வேண்டும். கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் முதல் தேர்வு; பெரும்பாலும் இறக்குமதி, விலைதான் கொஞ்சம் இடிக்கும். ஆஜாத்பூர் மண்டிக்கு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வரும் புது ஹிமாசல ஆப்பிளும் நன்றாகவே வேலை செய்யும். ராயல் டெலிஷியஸ் வகையில் புளிப்பு குறைவு, ஆகவே எலுமிச்சைச் சாற்றை ஒன்றரை டேபிள்ஸ்பூனாக்கி, சர்க்கரையை 45 கிராமாகக் குறையுங்கள். பிப்ரவரிக்குப் பிறகு கிடைப்பது குளிர்பதனக் கிடங்குச் சரக்கு. கடித்தால் மாவுமாவாக இருப்பவை வாணலியில் குழைந்து கூழாகிவிடும். அவற்றை ஜாமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த டெலிஷியஸ் வகையும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். சிம்லாவுக்கு மேலே கோட்கட்டில் 1916-இல் அதை நட்டுப் பரப்பியவர் பிலடெல்ஃபியாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ். பின்னாளில் இந்து மதத்துக்கு மாறி சத்தியானந்த் ஸ்டோக்ஸ் ஆனவர்.

கேள்வி: கிளேஸ் நறநறவென்று இருக்கிறது. கடைக்காரர் பொடிச்சர்க்கரை என்று பூரா கொடுத்தார். அதுதான் காரணமா? (லட்சுமி நகர் வாசகி)

பதில்: அதேதான். பூரா என்பது பாகு காய்ச்சிக் கிளறிப் பொடியாக்கியது. லட்டுக்கு அருமை. கிளேஸில் அதன் மணல் போகாது. ஐசிங் சுகர் கேட்டு வாங்குங்கள், அல்லது 250 கிராம் சர்க்கரையோடு ஒன்றரை டீஸ்பூன் சோளமாவு (கார்ன்ஃப்ளவர்) சேர்த்து மிக்ஸியில் நைசாக அரைத்து இருமுறை சலியுங்கள்.

250 கிராம் ஐசிங் சுகருக்கு வெதுவெதுப்பான பால் 50 மி.லி., உருக்கிய வெண்ணெய் 1 டீஸ்பூன், வெனிலா அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. உப்பை விடாதீர்கள். கரண்டியிலிருந்து ரிப்பனாக விழுந்து, விழுந்த தடம் சில நொடியில் மறைய வேண்டும். ஃப்ரிட்டரை எண்ணெயிலிருந்து எடுத்து 2, 3 நிமிடம் கழித்து, கைபொறுக்கும் சூட்டில் தோய்த்துக் கம்பி வலைத்தட்டில் வையுங்கள். கொதிக்கும்போது தோய்த்தால் முழுவதும் வழிந்துவிடும். ஆறியபின் தோய்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி தடியாக நிற்கும்.

ஐசிங் சுகரே கிடைக்காவிட்டால் நமக்குத் தெரிந்த பாதுஷா பாகு இருக்கிறது. 200 கிராம் சர்க்கரை, 100 மி.லி. நீர், இரண்டு கம்பிப் பதம். இறக்கி, ஓரத்தில் லேசாகப் பூக்கும் வரை கிளறிவிட்டுத் தோய்த்தால் வெள்ளையாக உறையும். எலுமிச்சை பிழியாதீர்கள், பூக்கவே பூக்காது. எங்களைக் கேட்டால் இதன் மொறுமொறுப்பு இன்னும் ஒரு படி மேல்.

கேள்வி: ஜூலையில் செய்தபோது ஒரு மணி நேரத்தில் கிளேஸ் கரைந்து பிசுபிசுத்தது. (நொய்டா வாசகர்)

பதில்: சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதோடு சூடான ஃப்ரிட்டரை டப்பாவில் மூடினால் அதன் ஆவியும் சேர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் பாலை 40 மி.லி.யாகக் குறையுங்கள். கால் டீஸ்பூன் சைனா கிராஸ் பொடியை 2 டேபிள்ஸ்பூன் நீரில் ஒரு நிமிடம் கொதிக்கவைத்துக் கலந்தால் பூச்சு இறுகி நிற்கும். அப்போது பாலை 15 மி.லி.க்கு மேல் ஊற்ற வேண்டாம், கிளேஸ் சூடாக இருக்கும்போதே தோய்த்துவிடுங்கள். முழுதும் ஆறும் வரை எதையும் மூடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. (சரோஜினி நகர் வாசகி)

பதில்: முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 50 கிராம். நிறம் சற்று வெளிறும், ருசியில் குறையில்லை.

கேள்வி: ஈஸ்ட், காத்திருப்பு எதுவும் இல்லாமல் முடியாதா? (வசந்த் குஞ்ச் வாசகி)

பதில்: முடியும், அந்த அடுக்கு வராது. மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை 40 கிராம், உப்பு கால் டீஸ்பூன், பட்டைப்பொடி 1 டீஸ்பூன், முட்டை 1, பால் 80 மி.லி., உருக்கிய வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன். இட்லி மாவைவிடக் கெட்டியாக வரும். பொடியாக நறுக்கிய பச்சை ஆப்பிள் 200 கிராமைத் துணியில் ஒற்றி, எண்ணெய் காய்ந்த பிறகு கலந்து உடனே ஊற்றுங்கள். கலந்து வைத்தால் உப்பும் சர்க்கரையும் ஆப்பிளிலிருந்து நீரை இழுத்து மாவு தளர்ந்துவிடும். குழிக்கரண்டியால் விட்டு முதுகால் தட்டையாக்கி, 170 டிகிரியில் பக்கத்துக்கு இரண்டரை நிமிடம்.

கேள்வி: ஏர் ஃப்ரையரில் செய்யலாமா? கடுகெண்ணெய் பரவாயில்லையா? (ஜனக்புரி வாசகர்)

பதில்: ஈஸ்ட் மாவில் வெண்ணெய் தடவி 175 டிகிரியில் 9 நிமிடம் வைத்தால் நல்ல ஆப்பிள் பன் கிடைக்கும். அதை ஃப்ரிட்டர் என்று சொல்ல மாட்டோம். கடுகெண்ணெய் வாசனை பட்டையோடு சண்டை போடும். சூரியகாந்தி, தவிட்டெண்ணெய், ரீஃபைண்ட் கடலை எண்ணெய் எதுவானாலும் சரி. சர்க்கரைத் துணுக்குகள் அடியில் கருகுவதால் ஒவ்வோர் ஈடுக்கும் பின் ஜல்லிக்கரண்டியால் அரித்துவிடுங்கள்.

கேள்வி: முந்தின நாளே செய்து வைக்கலாமா? (மயூர் விஹார் வாசகர்)

பதில்: கிளேஸ் பூசியது அன்றைக்கே தீர வேண்டியது. மாவு முதல்முறை பொங்கிய பிறகு அதை ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைக்கலாம். சுண்டிய ஆப்பிள் தனி டப்பாவில் மூன்று நாள் இருக்கும். பொரித்ததை வைக்கத்தான் வேண்டுமென்றால் கிளேஸ் இல்லாமல் ஆறவைத்து ஃப்ரீசரில் போடுங்கள், ஒரு மாதம் தாங்கும். 160 டிகிரி ஓவனில் 10 நிமிடம் சூடாக்கி, பிறகு தோயுங்கள்.