மிச்சமாகும் மின்சாரமே தவணையைக் கட்டுமா?

கேள்வி: எங்களுக்குக் கே.புதூரில் சொந்த வீடு இருக்கிறது. கோடையில் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் வரை ஓடுகிறது. மின்விசிறிகளை மாற்றி, மொட்டை மாடிக்கு வெப்பத் தடுப்புப் பூச்சு அடித்து, சோலாரும் போடச் சொல்கிறார்கள். கையில் மொத்தமாகப் பணம் இல்லை. மிச்சமாகும் கட்டணத்திலிருந்தே தவணை கட்ட வழியுண்டா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு, ஆனால் மூன்று வேலைகளுக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தாது.

பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் நான்கு விசிறிகளை மாற்றினால், 60 நாளில் சுமார் 130 யூனிட் குறைந்து, உங்கள் 620 யூனிட் 490 ஆகிவிடும். நம் மாநிலக் கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டியவருக்கு மேல் அடுக்கின் விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் கூடிவிடுவதால், அந்தக் கோட்டுக்குள் வந்தவுடன் இரண்டு மாத மின்கட்டணப் பட்டியல் ஒன்றில் 1,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். மார்கழியில் விசிறி ஓடாது என்பதையும் கணக்கில் வைத்தே தவணையை முடிவு செய்யுங்கள்.

மிச்சத்திலிருந்தே தவணை கட்டும் இந்த முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில், எல்இடி பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைத்ததோடு, சில மாநிலங்களில் மின்கட்டணப் பட்டியலிலேயே சிறு தவணையாகவும் வசூலித்தார்கள். பிரிட்டனில் 2013-இல் வந்த ‘கிரீன் டீல்’ இன்னும் ஒரு படி மேலே போய், கடனை ஆளின் பெயரில் வைக்காமல் வீட்டு மின் இணைப்போடு சேர்த்துக் கட்டியது. வீடு கைமாறினால் தவணையும் கைமாறும். நல்ல யோசனைதான், ஆனால் வட்டி அதிகமென்று மக்கள் ஒதுங்கினார்கள். 2015-இல் அரசு நிதியை நிறுத்திவிட்டது.

மாடிப் பூச்சினால் அறையின் வெக்கை தணியும். ஆனால் ஏசி இல்லாத வீட்டில் அந்தப் பலன் மீட்டரில் தெரியாது. மீட்டரில் தெரியாத மிச்சத்துக்கு யாரும் முதல் போடமாட்டார்கள் என்பதால், அதைக் கைக்காசில் செய்துகொள்வதே சரி.

சோலாருக்கு, 2024-இல் வந்த பிரதமர் சூரிய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. வேலை முடிந்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வருவதால், இடைப்பட்ட காலத்துக்குக் கடன் தேவைப்படலாம். நிறுவனமே தன் செலவில் தகடுகளை அமைத்து, யூனிட் கணக்கில் வசூலிக்கும் முறைக்கும் நெறிமுறைகள் வந்துள்ளன. 1 கிலோவாட் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். முதல் 100 யூனிட் நமக்கு இலவசமே. ஆகவே உங்களுக்கு 2 கிலோவாட் தாராளம். 5 கிலோவாட் போடச் சொல்பவர் தம் விற்பனையைப் பார்க்கிறார்.

கேள்வி: ஒத்திக்குக் குடியிருப்பவர்கள் என்ன செய்வது?
– வாசகி, வில்லாபுரம்

பதில்: செலவு வீட்டுக்காரருடையது, மிச்சம் உங்களுடையது என்றிருக்கும்வரை அவர் மாடியைத் தொடமாட்டார். காலி செய்யும்போது கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய விசிறிகளை நீங்களே வாங்கிக்கொள்ளலாம். பூச்சுச் செலவை நீங்கள் ஏற்பதானால், அந்தத் தொகையை ஒத்திப் பணத்தோடு சேர்த்துத் திருப்பித் தரவேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.